ஓமான் பாலையில் சத்தம் போடாத ஐம்பது நிமிஷம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் பயப்படுவது என் பொறுப்பு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும்வரை ஜன்னலை விட்டு நகர மாட்டேன். இவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவர் என்றால் என் கணவர். தும்கூர் ரோட்டில் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை விட்டுக்கொண்டே, விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்தைத் திரும்பிப் பார்த்து இனம் சொல்கிற ஆள். பின்சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்திருப்பேன்.

இவருக்கு பெங்களூர் பீன்யாவில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஓமானுக்கு அனுப்பிய பம்புகளைப் பொருத்தி ஓடவிட்டுக் காட்ட இவரை மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் நான்கு நாள் லீவு போட்டு, என்னையும் வரவழைத்து, காரில் பாலைவனத்துக்குள் போய்ப் பறவை பார்ப்பது என்று முடிவு செய்தார். முடிவு செய்த பிறகுதான் எனக்குச் சொன்னார். பிப்ரவரி மாதம், வெயில் இருக்காது, நம்ம ஊர் மாதிரி குளுகுளுவென்று இருக்கும் என்று ஆசை காட்டினார். வெயிலைப் பற்றி நான் பயப்படவே இல்லை. மனுஷர் இல்லாத இடத்தைப் பற்றித்தான் பயந்தேன்.

எல்லாம் ஒரே ஒரு பறவைக்காக. கொண்டலாத்தி வானம்பாடி என்று இவர் சொல்வார். வானம்பாடி இனம்தான், ஆனால் அலகு மட்டும் கொண்டலாத்திப் பறவைக்கு இருப்பதுபோல நீண்டு வளைந்திருக்கும். உடம்பு மணல் நிறம். நடக்கும்போது கண்ணில் படாது, சிறகை விரித்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று தெரியுமாம். இதைத் தேடி குஜராத்தின் கட்ச் பக்கம் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பியவர் இவர்.

நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டது ஆசையினால் அல்ல. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இல்லாத புருஷனைப் பார்க்க வேண்டுமென்றால் ஏரிக்கரைக்குத்தான் போயாக வேண்டியிருந்தது. இவருடைய பறவைக் குழுவில் சட்டதிட்டங்கள் ஏராளம். பளிச்சென்ற புடவை கூடாது, மல்லிகை கூடாது, கண்ணாடி வளையல் குலுங்கக் கூடாது. வண்டிக் கதவை அறையக் கூடாது, சும்மா சாத்தி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு முன்னால் ஏதோ ஒரு பறவை இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கூப்பிடக் கூடாது, கிட்டே போகக் கூடாது. அவராக எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சந்தாபுரா ஏரியில் ஒருமுறை என் காலடியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு ஊர்ந்தபோது நான் போட்ட கூச்சலில், இரண்டு மணி நேரமாக எல்லோரும் மண்டியிட்டுக் காத்திருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரத்திலிருந்து நான் வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் குழுவின் தலைவர் கன்னடத்தில், அலாரம் வந்துவிட்டது, எல்லோரும் சீக்கிரம் பார்த்து முடியுங்கள் என்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. ஓமானுக்குக் கிளம்பும்போதே, இந்த நான்கு நாளும் வாயைத் திறப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டேன்.

முதல் நாள் விடியும் முன்பே வண்டி வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் சலீம் பாய், ஐம்பது வயதிருக்கும், ஓமானிலேயே பிறந்த பலூச்சிக்காரர். அவர் பேசியது உருது. எனக்குத் தெரிந்தது சிவாஜிநகர் கடைத்தெருவில் கற்ற தக்கனி உருது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. என்னுடைய முதல் வாக்கியத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பாட்டி காலத்து உருது மாதிரி இருக்கிறது என்றார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் மாத்திரை. வழியில் கடை இருக்கும், பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிடலாம் என்று ரூமிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கடை வந்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. ஒரு மலையாளியின் டீக்கடை. பரோட்டாவில் முட்டையை வைத்துச் சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். இவர் பாதிதான் தின்றிருப்பார், எதிரே பெட்ரோல் பங்க் கூரைமேல் ஒரு மஞ்சள்முகப் பாறுக் கழுகு வந்து உட்கார்ந்தது. பெங்களூரில் கழுகைப் பார்க்கத் தவம் கிடக்க வேண்டும், இங்கே காக்கை மாதிரி பங்க்கில் உட்கார்கிறது என்று சொல்லிக்கொண்டே பைனாகுலரோடு ஓடிவிட்டார். மீதிப் பரோட்டாவை வீணாக்க வேண்டாமே என்று நான் தின்றேன். அதை நினைத்து அன்று சாயங்காலம் அழுதேன்.

அதற்குப் பிறகு ஊர் முடிந்து போயிற்று. எனக்கு அந்தச் சாலையைச் சொல்லத் தெரியவில்லை. கோடு போட்டதுபோல ஒரே நேராகப் போனது, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. சினிமாவில் வருகிற மணல் மேடாவது இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. தட்டையான சரளைக்கல் பூமி வானம் வரைக்கும் கிடந்தது. எங்கள் ஊரில் வண்டி நின்றால் ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அதில் நான்கு பேராவது பானெட்டைத் திறக்கச் சொல்லி யோசனை சொல்வார்கள். இங்கே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்தது. அது வலதுபக்கம் போகிற நாடு என்பதை மறந்து, ஒவ்வொரு தடவையும் எங்கள் மேல் மோதப் போகிறது என்று சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றும் இல்லாமல் போனது. நான் சொன்னதற்கு, நல்லது, ஆபீசிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் இவர். சலீம் பாய் தன் பங்குக்கு ஒரு கதை சொன்னார். போன வருஷம் ஒரு வெளிநாட்டுக்காரர் படம் எடுக்க வண்டியை விட்டு இறங்கி நடந்தாராம். திரும்பிப் பார்த்தால் வண்டி எந்தப் பக்கம் இருக்கிறதென்று தெரியவில்லையாம். மறுநாள்தான் கண்டுபிடித்தார்களாம். உயிரோடா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினோரு மணி வாக்கில் தார் ரோட்டை விட்டு இறங்கினோம். இறங்கியதும் சலீம் பாய் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டயரிலும் காற்றைப் புஸ்ஸென்று பிடுங்கிவிட ஆரம்பித்தார். எதற்கு என்று பதறிப்போய்க் கேட்டேன். காற்று குறைந்தால்தான் மணலில் சக்கரம் புதையாமல் ஓடும் என்று அவர் விளக்கினார். காற்றடிக்கக் கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். இருக்கிற காற்றையும் திறந்துவிட்டு, இல்லாத ரோட்டில் போவதை நம்ப முடியவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாலு நாளைக்கும் சேத்து இன்னிக்கே பயந்துடாத, கொஞ்சம் மிச்சம் வை என்றார்.

குட்டையான புதர்கள் அங்கங்கே முளைத்திருந்த ஒரு சமவெளியில் வண்டி நின்றது. இந்த மாதிரி இடத்தில்தான் அது இருக்கும், நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்று இவர் இறங்கினார். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் மிட்டாய் பாக்கெட்டை நீட்டினேன். சர்க்கரை குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள எப்போதும் கூட வைத்திருக்கும் மிட்டாய் அது. காகிதம் சரசரக்கும், பறவை ஓடிவிடும் என்று அதை டாஷ்போர்டில் வைத்தார். சலீம் பாய் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து நீட்டினார். கை பிசுபிசுக்கும், பைனாகுலர் கண்ணாடியில் ஒட்டும் என்று அதையும் வேண்டாமென்றார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கூப்பிடு தூரம்தான். ஒரு புதரின் பக்கத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார். நாங்கள் பக்கவாட்டில் இருந்ததால் தொப்பியும் தோளும் நீட்டிய காலும் தெரிந்தன. பைனாகுலர் மார்பில் தொங்கியது. நான் வண்டி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காற்றுகூட இல்லை. நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது.

பத்து நிமிஷம் போயிற்று. இருபதும் போயிற்று. சலீம் பாய் பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் தூங்கிவிட்டாரா என்று கேட்டார். பறவை பார்க்கிறார் என்றேன். எந்தப் பறவை என்று கேட்டார். என் கண்ணிலும் எதுவும் படவில்லை. ஆனால் இவர் அசையாமல் இருக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது. குழுவின் சட்டத்தை அவருக்கு விளக்கிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அரை மணிக்கு மேல் ஆனபோது மனசு இரண்டு பக்கமும் இழுக்க ஆரம்பித்தது. சாப்பிடவில்லையே, மாத்திரை போட்டிருக்கிறாரே என்று ஒரு பக்கம். கூப்பிட்டு, அவர் பன்னிரண்டு வருஷமாகத் தேடிய பறவை பறந்துபோனால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம். ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். ஊருக்குப் போனதும் குழுவில் சொல்லிச் சிரிப்பார்கள். நீ எதற்குத்தான் பயப்படவில்லை, எப்போதும் இதே பாட்டுதானே, இந்த ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சலீம் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஒரு தடவை ஹார்ன் அடிக்கிறேன் என்று கையைக் கொண்டுபோனார். நான் பாய்ந்து என் கையை ஹார்ன்மேல் வைத்து மறித்தேன்.

“ஷ்! ஆவாஜ் நக்கோ கரோ, பாய்” என்றேன். சத்தம் போடாதீர்கள் என்று.

அவர் கையை எடுத்துவிட்டார். உங்கள் புருஷன், உங்களுக்குத்தான் தெரியும் என்று முணுமுணுத்து, தலையைத் திருப்பிக்கொண்டார். நான் என்னுடைய சின்ன பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். இவர் மூச்சு விடுவது தெரிகிறதா என்று பார்த்தேன். அந்தத் தூரத்தில் தெரியவில்லை. இடது தோள் கொஞ்சம் சரிந்திருப்பதுபோல இருந்தது, எப்போதும் அப்படித்தானோ என்றும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் இவர் எப்படி உட்காருவார் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் அது வந்தது.

புதருக்கு இடதுபக்கத்திலிருந்து மண்ணே நகர்ந்து வருவதுபோல ஏதோ ஓடி வந்து நின்றது. நீளமான வெளிறிய கால்கள். வளைந்த அலகு. நான்கு எட்டு ஓடும், நிற்கும், அலகைத் தரையில் குத்தும், மறுபடி ஓடும். கொண்டலாத்தி வானம்பாடியேதான், படத்தில் நூறு தடவை இவர் காட்டியது. இவருக்கு எதிரே பதினைந்து அடியில் வந்தது. பத்தடியில் வந்தது. இவர் பைனாகுலரைத் தூக்கும் அழகு எனக்குத் தெரியும். முதலில் முழங்கை விலா ஓரமாக மெதுவாக எழும். அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழவில்லை. பறவை இவர் நீட்டியிருந்த காலின் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து தரையைக் குத்தியது. முழங்கை எழவில்லை. காக்கைக்குக்கூடக் கண்ணாடியைத் தூக்காமல் இருந்ததில்லை இந்த மனுஷன்.

கதவைத் திறந்தேனா, உடைத்தேனா என்று தெரியாது. செருப்பு ஒன்று வண்டியிலேயே கிடந்தது. ஏங்க, ஏங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். சந்தாபுராவில் போட்டதெல்லாம் ஒரு கூச்சலே இல்லை. பறவை எழும்பியது, கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன், அப்போதும் கண் பார்த்ததே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு.

கண்கள் திறந்திருந்தன. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, அந்த இதமான பகலில் அப்படி ஒரு வேர்வை. கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன், என்னைப் பார்த்தார், ஆனால் யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. மிட்டாயை எடுத்து வந்திருந்தேன், உறையைப் பிரிக்க முடியவில்லை. சலீம் பாய் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய அண்ணனுக்கும் இதே வியாதியாம். பேரீச்சம்பழத்தைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து குழம்பாக்கி, இவரைத் தன் மார்பில் சாய்த்து, விரலால் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும், அவசரப்படாதீர்கள் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, விழுங்குங்க, விழுங்குங்க என்று கெஞ்சினேன்.

எத்தனை நேரம் என்று தெரியாது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. பிறகு இவர் தானாக நாக்கை நீட்டி உதட்டை நக்கினார். நான் அந்தச் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியில் ஏற்றி, டயரில் காற்று இல்லாமலே சலீம் பாய் ரோட்டுக்கு வந்து, அங்கே காற்றடிக்க நின்ற சில நிமிஷங்களில் எனக்கு உயிர் போய் வந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு சின்ன ஊரின் மருத்துவமனை வந்தது. கோட்டயத்துக்காரி ஒரு நர்ஸ், டாக்டர் வருவதற்கு முன்பே ஊசியைக் குத்தி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு, மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதா என்று என்னைத்தான் திட்டினார். இந்த வகை மாத்திரைக்கு மறுபடியும் சர்க்கரை இறங்கும், நாளைக் காலை வரை இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று டாக்டர் கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சலீம் பாய் என்னைப் பார்த்தார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் இவருக்குத் தெளிவு வந்தது. பாலில் ஊறின ரொட்டியைத் தின்றார். தின்று முடித்ததும் நோட்டை எடு, இன்றைய பட்டியலை எழுது என்றார். இப்போது எதற்கு என்றேன். அன்றன்று எழுதாவிட்டால் அது கணக்கிலேயே சேராது என்று பிடிவாதம் பிடித்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மஞ்சள்முகப் பாறு மூன்று. அண்டங்காக்கை ஜோடி ஒன்று. கொண்டை வானம்பாடி ஐந்து. கீச்சான் ஒன்று. அதோடு முடிந்தது என்று நான் பேனாவை மூடப் போனேன்.

“கொண்டலாத்தி வானம்பாடி ஒண்ணு” என்றார்.

பேனா கையிலேயே நின்றுவிட்டது. பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நல்லாப் பாத்தேன். ஷூ கிட்டயே வந்துச்சு. கைதான் மேல வரல.”

நான் எழுதவில்லை. வேறு என்ன தெரிந்தது என்று கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவும் பயமாக இருந்தது. எப்படியோ கேட்டுவிட்டேன். கூரையைப் பார்த்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார்.

“எல்லாம் கேட்டுது. சலீம் பாய் ஹார்ன் அடிக்கிறேன்னதும் கேட்டுது. சத்தம் போடாதீங்கன்னு நீ சொன்னதும் கேட்டுது. நம்மாளு நல்லாக் கத்துக்கிட்டா, இனிமே இவ வரமாட்டான்னு நெனச்சேன்.”